பாலாற்று நெசவும் கடலோரக் கோட்டையும்: வரலாற்றாசிரியர் சி. அரசரத்தினத்தின் ஆய்வுப் பாதை

(திருமுக்கூடலில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

செய்யாறும் வேகவதியும் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கின்றன. அங்கிருந்து கிழக்கே போகும் ஆறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலைச் சேர்கிறது. முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் வாயில் அது 'சத்ராஸ்' ஆனது. அவர்களுடைய கோட்டைச் சுவரும், எழுத்து வெட்டிய கல்லறைகளும் இன்னும் அங்கே நிற்கின்றன. கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கோட்டை அங்கே எழுந்த காரணம் கடலில் பாதிதான். மறுபாதி அதன் முதுகுப் பக்கத்தில், தறி ஓடிய ஊர்களில் இருந்தது. இந்த மறுபாதியைத் தேடுவதிலேயே தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் (1930–1998).

அரசாங்கங்கள் தம் செயலைத் தாமே எழுதிவைக்கும் பழக்கம் ஐரோப்பியர் கொண்டுவந்ததன்று. திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலிலுள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டே அதற்குச் சான்று. கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதைப் பதிப்பித்த நாள்முதல், அதில் சொல்லப்படும் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையும், வேதமும் இலக்கணமும் கற்பித்த கல்விச் சாலையும், மருந்துகளின் பட்டியலுமே அதிகம் பேசப்படுகின்றன. அதே கல்லில் நீண்ட மெய்க்கீர்த்தி ஒன்றும் இருக்கிறது. துங்கபத்திரைக் கரையின் கூடல் சங்கமத்தில் சாளுக்கியரை வென்றதும், கப்பலில் படையேற்றி ஈழத்துக்கு அனுப்பியதும், ஈழ மன்னன் விசயபாகு ஓடியதும் அதில் வருகின்றன. வென்றவன் சொன்னது அது. தோற்றவன் தரப்பை அந்தக் கல்லில் தேடிப் பயனில்லை. அறுநூறு ஆண்டுக்குப் பின் அதே கடலைப் பற்றி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தர்கள் எழுதிக் குவித்த தாள்களுக்கும் இதே குணம் உண்டு. அரசரத்தினத்தின் முழு உழைப்பும் அந்தத் தாள்களைக் குறுக்கு விசாரணை செய்ததுதான்.

அவர் படித்த இடம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி. அந்த ஊரில் போர்த்துக்கேயர் காலத்திலேயே தேவாலயம் இருந்தது. பின்னால் வந்த ஒல்லாந்தர் அதைத் தமதாக்கிக்கொண்டனர். ஆங்கிலேயர் ஆட்சியில், 1823இல், அமெரிக்க மிஷனரிகள் அதே வளாகத்தில் தங்கள் செமினரியைத் தொடங்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அந்தச் செமினரியின் மாணவர். மூன்று ஆட்சிகளின் சுவடு ஒரே முற்றத்தில் கிடந்த ஊரில் படித்த ஒருவர் பின்னால் குடியேற்றக் கால வரலாற்றுக்குப் போனதில் வியப்பில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று அங்கேயே விரிவுரையாளரான அவர், லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார்.

அந்த ஆய்வே 'இலங்கையில் டச்சு ஆதிக்கம், 1658–1687' என்ற பொருளில் 1958இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாக வந்தது. அதே ஆண்டு, அதே நகரில், கே. டபிள்யூ. குணவர்தன அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளை, அதாவது 1638 முதல் 1658 வரையான காலத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஒரு சிங்கள ஆய்வாளரும் ஒரு தமிழ் ஆய்வாளரும் ஒரே கதையை இரண்டாகப் பங்கிட்டு எழுதி முடித்த அதே 1958இல்தான் இலங்கையில் இனக்கலவரம் மூண்டது.

கதையின் தொடக்கம் ஓர் உடன்படிக்கை. 1638 மே மாதம் கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கனும் டச்சுத் தளபதி வெஸ்டர்வோல்ட்டும் கையெழுத்திட்டனர். போர்த்துக்கேயரை விரட்ட டச்சுக்காரர் உதவ வேண்டும். போர்ச் செலவை அரசன் கறுவா, மிளகு, மெழுகு, யானை ஆகியவற்றால் அடைக்க வேண்டும். பிடிபடும் கோட்டைகளில் டச்சுப் படை தங்கலாம், ஆனால் 'அரசர் விரும்பினால்' மட்டுமே என்பது அரசனிடம் இருந்த பிரதி. டச்சுப் பிரதியில் அந்த இரண்டு சொற்களைக் காணோம். 1640இல் காலி, 1656 மே மாதம் கொழும்பு, 1658இல் யாழ்ப்பாணம் என்று கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. இவற்றில் ஒன்றையும் டச்சுக்காரர் அரசனிடம் ஒப்படைக்கவில்லை. கேட்டபோது செலவுக் கணக்கை நீட்டினார்கள். கடன் தீரும்வரை நிலம் அடமானம் என்பது அவர்கள் வாதம். கடன் தீர வழியில்லாதபடி கணக்கை எழுதியதும் அவர்களே.

அரசரத்தினத்தின் நூல் இதற்குப் பிறகு எடுத்துக்கொள்வது முப்பது ஆண்டுகளை. ஆளுநர் ரைக்லோஃப் வான் கூன்ஸ் தீவு முழுவதையும் பிடிக்க வேண்டும் என்ற கட்சி. 1665க்குப் பின் அவருடைய படை உள்நாட்டுக்குள் ஏறியது. கிழக்குக் கரைத் துறைமுகங்களும் கைக்கு வந்தன. படாவியாவில் இருந்த கம்பெனித் தலைமைக்கு இந்தச் செலவு பிடிக்கவில்லை. 1670களில் குடிகள் எழுந்தார்கள், அரசன் மலையிலிருந்து அடித்தான். பிடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதே மேல் என்ற நிலைக்குக் கம்பெனி வந்தது. 1687 டிசம்பரில் ராஜசிங்கன் இறந்ததோடு நூல் நிற்கிறது.

இந்த நூலில் நிலப்படமே ஒரு பாத்திரம் போல நடமாடுகிறது. கம்பெனிக்குக் கடல் இருந்தது, கண்டிக்கு மலை இருந்தது. மலைக்கு உப்பும் துணியும் கடல்வழிதான் வர வேண்டும். கறுவாப் பட்டையை உரிக்கும் காடுகளிலோ, அரசன் சொன்னால் ஆள் இறங்கமாட்டான். ஒரு தரப்பின் குரல்வளையை மற்றது பிடித்திருந்த நிலை. ஆகவே தூதர்கள் போவதும் வருவதும் ஓயவில்லை. ஆண்டுதோறும் பரிசுப் பொருள் சுமந்து கண்டிக்குப் போன டச்சுத் தூதர்கள், மலைப்பாதையில் நாள்கணக்கில் காக்க வைக்கப்பட்டு, அவையில் மண்டியிட்டு, தீவின் பேரரசனுக்குப் பணிவு தெரிவித்துத் திரும்பினர். சிலரை ராஜசிங்கன் திருப்பி அனுப்பவே இல்லை. 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸ் தப்பியது 1679இல்தான். மண்டியிடுவதைப் பழைய ஐரோப்பிய ஆசிரியர்கள் கீழைநாட்டு ஆடம்பரம் என்று ஒதுக்கினார்கள். அரசரத்தினம் அதை அரசியலாகவே படித்தார்: கோட்டை கையில் இருந்தும், ஆளும் உரிமை தமக்கு இல்லை என்பதைக் கம்பெனி ஆண்டுக்கொரு முறை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சடங்கின் விலை 1766இல்தான் முடிவாகத் தெரிந்தது. அந்த ஆண்டின் உடன்படிக்கை தீவைச் சுற்றிக் கடலோரப் பட்டையை முழுவதும் டச்சுக்காரருக்கு எழுதிக்கொடுத்தது. கண்டி கடலைக் காணாத நாடாயிற்று.

ஆட்சி போன பின்பும் அதன் எச்சம் எங்கே தங்குகிறது என்ற கேள்விக்குக் கோட்டைகளைக் காட்டுவது எளிய பதில். யாழ்ப்பாணத்தில் அதைவிட உறுதியான எச்சம் தேசவழமைச் சட்டம். சொத்து, சீதனம், ஒற்றி, அடிமை பற்றிய ஊர் வழக்கங்களை டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706–07இல் எழுத்தில் தொகுத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டிச் சரிபார்க்கப்பட்டது. அவர்கள் சரி என்று சொன்னதில் தங்கள் நலத்தையும் சேர்த்தே சொல்லியிருப்பார்கள் என்று ஐயப்பட இடமுண்டு. வாய்வழக்காக நெகிழ்ந்து கிடந்தது தாளில் ஏறியதும் இறுகிப்போனது. யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்குகளில் இன்றும் அது நடைமுறைச் சட்டம். மொழியிலும் எச்சம் உண்டு. யாழ்ப்பாணத்தார் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பது டச்சுச் சொல். காஞ்சிபுரத்தார் காசைத் 'துட்டு' என்பதும் அதே வழி வந்ததுதான். கக்கூசுக்கும் அதே பிறப்பு என்பதைச் சபையில் சொல்லக் கொஞ்சம் கூச்சப்பட வேண்டியிருக்கிறது.

இலங்கையை முடித்ததும் அவருடைய பார்வை பாக் நீரிணையைத் தாண்டியது. டச்சுக் கம்பெனி தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் பிடித்தபோது, இடையில் இருந்த குறுங்கடல் முழுவதும் தன் குளம் என்று நினைத்தது. அந்தக் குளத்தின் மதகு பாம்பன் வாய்க்கால். அது இராமநாதபுரம் சேதுபதியின் நிலம். தென்கரையிலிருந்து வடகரைக்குத் தோணி போக வேண்டுமானால் அவர் அனுமதி வேண்டும், இல்லையேல் இலங்கையைச் சுற்ற வேண்டும். 1968 சென்னை உலகத் தமிழ் மாநாட்டுக்கு அரசரத்தினம் கொண்டுவந்த கட்டுரை 1660 முதல் 1690 வரை சேதுபதிகள் கையாண்ட வணிகக் கொள்கை பற்றியது. பாக்கு, அரிசி, சங்கு, முத்து ஆகியவற்றில் தனியுரிமை கேட்டு டச்சுக்காரர் ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம் போட்டனர். சேதுபதிகள் கையெழுத்திட்டார்கள், கீழக்கரை மரைக்காயர்களின் தோணிகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சிறு கடலோர அரசு, வாய்க்கால் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உலகின் பெரிய வணிக நிறுவனத்தோடு முப்பது ஆண்டு பேரம் பேசியது. சேதுபதிகளைக் கோயில் திருப்பணியாலும் புலவர் பரிசாலும் மட்டுமே அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிய முகம்.

1961இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இலங்கையில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்து ஐந்து ஆண்டு கழிந்திருந்தது. கோலாலம்பூரில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தனிநாயகம் அடிகளார் தலைமை ஏற்றிருந்தார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கேதான் கூடியது. அரசரத்தினம் பின்னர் வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். 1970இல் வந்த அவருடைய 'மலேசியா, சிங்கப்பூர் இந்தியர்' பற்றிய நூல், கம்பெனித் தாள்களைவிட்டுச் சமகால மனிதர்களிடம் வந்த அபூர்வ நூல். கங்காணி ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களையே ஆள் சேர்த்துக் கப்பல் ஏற்றிய முறையும், 1938இல் இந்திய அரசு அந்த வழியை அடைத்ததும், ரப்பர் தோட்டத்து லயன் வீடும் தமிழ்ப் பள்ளியும் சேர்ந்து ஒரு சமூகத்தை உலகத்திலிருந்து விலக்கி வைத்ததும் அதில் விரிகின்றன. குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற சொத்து என்றால் மாளிகை, ரயில் நிலையம் என்று அடுக்குவது வழக்கம்; தோட்டத்து மக்களும் அதே கணக்கில் வர வேண்டியவர்கள்.

1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் நகரிலுள்ள நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகம் அவரை வரலாற்றுப் பேராசிரியராக ஏற்றது. கடலே தெரியாத மேட்டுநில ஊர் அது. சோழமண்டலக் கரையின் வணிக வரலாறு அங்கிருந்துதான் எழுதப்பட்டது. 1978இல் வாலன்டைன் பாதிரியாரின் 18ஆம் நூற்றாண்டு இலங்கை வருணனையை அவர் மொழிபெயர்த்துக் குறிப்புகளோடு பதிப்பித்தார். 1986இல் 'சோழமண்டலக் கரையில் வணிகரும் கம்பெனிகளும் வணிகமும், 1650–1740' வந்தது. அவருடைய பெயரை நிலைநிறுத்திய நூல் இதுவே.

டச்சுக்காரர் பழவேற்காட்டில் 1610இல் காலூன்றினார்கள். மலுக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வெள்ளிப் பணத்தைவிடச் சோழமண்டலத் துணியே செல்லுபடியானது. ஆகவே மசாலாவைத் தேடி வந்தவர்கள் துணியைத் தேடி இங்கே வர வேண்டியதாயிற்று. பின்னால் சதுரங்கப்பட்டினம், 1658இல் நாகப்பட்டினம். 1690இல் தலைமை இடமே நாகப்பட்டினத்துக்கு மாறியது. ஆங்கிலேயர் சென்னையிலும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் கடை விரித்தனர். நூலின் கூற்று, இவர்கள் எவரும் வந்து வணிகத்தை உண்டாக்கவில்லை என்பது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சந்தையில் இவர்கள் இன்னொரு வாடிக்கைக்காரர். உள்ளூர் வணிகர் முதல் திரட்டினார், நெசவாளருக்கு முன்பணம் கொடுத்தார், துணியைத் தரம் பார்த்தார், செஞ்சி முதல் கோல்கொண்டா வரை அரசவைகளில் பேசி வழித்தடை நீக்கினார். பழவேற்காட்டின் சின்னண்ண செட்டி போன்றவர்கள் வணிகரா, தூதரா, பாளையக்காரரா என்று பிரித்துச் சொல்வது கடினம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த வணிகர்கள் பங்குப் பணம் போட்டுக் கூட்டுக் குழுமங்கள் அமைத்தனர். கம்பெனி தூண்டியதால் அமைந்தவை அவை; ஆனால் குழுமத்துக்குள் யார் எவ்வளவு போடுவது என்பதில் சாதியும் உறவும் ஊர்ப் பெருமையும் கம்பெனியின் விதியை மீறி வேலை செய்தன.

காஞ்சி வட்டாரத்துக்கு மிக நெருக்கமானது அவருடைய 1980ஆம் ஆண்டுக் கட்டுரை. 1750 முதல் 1790 வரை தென்கிழக்கு இந்தியாவின் நெசவாளர், வணிகர், கம்பெனி ஆகிய மூவரின் உறவு அதன் பொருள். காஞ்சிபுரத்துக்கு இன்று பட்டே பெயர் வாங்கித் தருகிறது. கோர்வை, பேட்னி ஆகிய பட்டு நெசவு முறைகள் தெரியாத நெசவு வீடு இல்லை. கம்பெனிகளுக்கு வேண்டியிருந்ததோ பருத்தித் துணி. பாவில் இத்தனை புஞ்சம் என்று இழை எண்ணி விலை பேசினார்கள். ஒரு புஞ்சம் என்பது 120 இழை. கைக்கோளர், சாலியர், சேடர், தேவாங்கர் என நெய்தவர் பலர்.

கம்பெனி வெறும் வாடிக்கைக்காரராக இருந்த வரை நெசவாளர் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஒப்பந்தம் தீர்ந்தது. துணியை வேறு விலைக்கு வேறொருவருக்கு விற்கலாம். பிடிக்காவிட்டால் தறியைப் பிரித்து மாட்டிக்கொண்டு அடுத்த பாளையத்துக்குப் போய்விடலாம். நெசவாளர் வந்தால் வரி குறைத்து வரவேற்க ஆட்சியாளர்கள் காத்திருந்தார்கள். சென்னைக் கம்பெனியே 1734இல் அப்படித்தான் செய்தது. சிந்தாதிரிப்பேட்டை, அதாவது சின்னத் தறிப் பேட்டை, நெசவாளரை அழைத்து இருத்துவதற்காக உண்டாக்கிய குடியிருப்பு. அரசியல் புவியியல் என்பது எல்லைக்கோடு வரைவது பற்றிய படிப்பு மட்டுமன்று; எல்லையைத் தாண்டி நடக்க ஒருவனுக்கு இடம் இருக்கிறதா என்பதும் அதில் சேர்த்தி.

அந்த இடம் சுருங்கியது. 1763இல் ஆற்காட்டு நவாபு முகமது அலி செங்கல்பட்டு ஜாகீர் என்ற வரி வருவாய்ப் பகுதியை ஆங்கிலக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். 1765இல் முகலாயப் பேரரசர் அதை உறுதி செய்தார். காஞ்சிபுரமும் அதற்குள் வந்தது. கம்பெனி முதலில் அதை நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகில் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர். அந்தப் போரில் ஜாகீர் பாழானது, குடிகள் சிதறினர். அதற்குப் பிறகு கம்பெனி ஜாகீரை நேராகத் தன் நிர்வாகத்தில் வைத்துக்கொண்டது. துணி வாங்குகிறவனும் வரி வாங்குகிறவனும் ஒருவனே ஆனதும் பேரம் என்பதற்கு அர்த்தம் போயிற்று. இடையில் நின்ற வணிகர் விலக்கப்பட்டு, சம்பளக் குமாஸ்தா தறிவீட்டுக்கே வந்தான். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகும் வழக்கம் குற்றமாயிற்று. துணி வரவில்லையென்றால் சேவகன் வந்து வாசலில் உட்கார்ந்தான். அவன் படியையும் நெசவாளரே கொடுக்க வேண்டும். டச்சுக்காரருக்கோ பிரெஞ்சுக்காரருக்கோ விற்பது கள்ள வணிகம் என்றானது. இந்த மாற்றத்தை இயந்திரத் துணியின் வரவோடு முடிச்சுப் போடுவது பாடநூல் வழக்கம். லங்காஷயர் துணி இந்தச் சந்தையில் பெருகியது 19ஆம் நூற்றாண்டில். நெசவாளரின் கை அதற்கு முன்பே கட்டப்பட்டுவிட்டது என்பதே கட்டுரையின் அடி.

இந்த வாசிப்புக்கு வரம்பும் உண்டு. நெசவாளர் சொன்னதாக வருவது எல்லாம் கம்பெனி எழுத்தர் வழியாக, துபாஷியின் மொழிபெயர்ப்பு வழியாக வந்தவை. மடங்களிலும் கோயில்களிலும் சாதிச் சபைகளிலும் கிடக்கும் தமிழ், தெலுங்குச் செப்பேடுகளும் ஓலைகளும் அவருடைய நூல்களில் குறைவாகவே இடம்பெறுகின்றன. பிற்காலத்தார் இந்த இடைவெளியில்தான் நுழைந்தார்கள். சஞ்சய் சுப்ரமணியம் 1500–1650 காலத்தை எடுத்துக்கொண்டு, வணிகமும் அரசதிகாரமும் ஒரே குடும்பத்தில் கலந்து கிடந்ததை 1990இல் எழுதினார். பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் தென்னிந்திய நெசவாளரின் பேரம் பேசும் வலிமையை இன்னும் அழுத்திச் சொல்லி, 18ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய வாழ்க்கைத் தரம் இங்கிலாந்துத் தொழிலாளிக்குக் குறைந்ததன்று என்றுவரை வாதிட்டார். அதை எல்லோரும் ஏற்கவில்லை.

அரசரத்தினத்தின் 'பதினேழாம் நூற்றாண்டுக் கடல்சார் இந்தியா' 1994இலும், ஆங்கில வணிகம் ஆங்கில ஆட்சியாக மாறிய 1750–1800 காலத்தைப் பற்றிய கடைசிப் பெரிய நூல் 1996இலும் வந்தன. 1998இல் அவர் மறைந்தார். நாம் தொடங்கிய சதுரங்கப்பட்டினத்துக்கே திரும்புவோம். அதை டச்சுக்காரர் 1824 உடன்படிக்கைப்படி ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்து, மறு ஆண்டு வெளியேறினர். அதற்கு ஈடாகச் சுமத்ராவில் இடம் பெற்றார்கள். அந்த ஒப்பந்தம் லண்டனில் கையெழுத்தானது. துறைமுகத்தின் பின்னால் இருந்த ஆற்றுக்கரை ஊர்கள் ஒன்றின் பெயரும் அதில் இல்லை.